ஃப்ளூட்டை டோனிசெட்டியின் தலையில் கட்டாதீர்கள்: ‘லூச்சியா’வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘லூச்சியா டி லம்மர்மூர்’ ஓபராவுக்கு நிகழ்ச்சிக் குறிப்பு எழுத வருகிறவர்கள், அதிலிருந்து ஒரு காட்சியைப் பாடத் தயாராகிறவர்கள், முதன்முறையாக ஒத்திகைப் பியானோவில் உட்காருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர்களும் ஒரு காலத்தில் அங்கேயே விழுந்து எழுந்தவர்கள்தான். அதனால் கேலி செய்ய ஒன்றுமில்லை. உச்சரிப்புப் பிழை, பெயர்ப் பிழையெல்லாம் இங்கே வேண்டாம். அகராதியைப் பிரித்தால் அவை சரியாகிவிடும்.

கைக்கு வேண்டிய தகவல் இவ்வளவுதான்: இசை கெயட்டானோ டோனிசெட்டி. லிப்ரெட்டோ, அதாவது பாடல் வசனம், சால்வதோரே கம்மரானோ. முதல் அரங்கேற்றம் 1835 செப்டம்பர் 26, நேப்பிள்ஸ் சான் கார்லோ அரங்கு. லூச்சியாவாக ஃபான்னி டக்கினார்டி பெர்சியானி, காதலன் எட்கார்டோவாக ஷில்பேர் டுப்ரே, அண்ணன் என்ரிகோவாக டொமெனிகோ கொசெல்லி. கதை ஒரு வரியில்: அண்ணன் போலிக் கடிதம் காட்டி லூச்சியாவை ஆர்துரோவுக்குக் கட்டிவைக்கிறான்; அவள் மணஇரவில் அவனைக் குத்திவிட்டுப் பித்துப் பிடித்து வந்து நிற்பதுதான் ‘பைத்தியக் காட்சி’.

நாவலைப் படித்துவிட்டு ஓபராவுக்குக் கதைச்சுருக்கம் எழுதுவது

வால்டர் ஸ்காட் 1819இல் வெளியிட்ட நாவல்தான் மூலம். அதைப் படித்த தெம்பில் எழுதும் சுருக்கம் மேடையில் நடப்பதோடு ஒட்டாது. நாவலில் பெண்ணைப் படுத்தி எடுப்பவள் அம்மா, ஆஷ்டன் சீமாட்டி. கம்மரானோ அந்த அம்மாவைத் திரை விலகுவதற்கு முன்பே சாகடித்துவிட்டு, அவள் வேலை மொத்தத்தையும் அண்ணனிடம் ஒப்படைத்தார். காரணம் குரல்கள்தான். சோப்ரானோ (உயர்ந்த பெண்குரல்), டெனர் (உயர்ந்த ஆண்குரல்), குறுக்கே ஒரு பாரிடோன் (நடுத்தர ஆண்குரல்): இந்த முக்கோணம் அமைந்துவிட்டால் ஒரு மாலைப் பொழுதுக்கான டூயட்டுகள் தாமாகக் கிடைத்துவிடும். அம்மாவை வைத்துக்கொண்டால் இன்னொரு பெரிய பாடகிக்கும் இடமும் சம்பளமும் தேடவேண்டும்.

நாவலில் கத்திக்குத்து வாங்கிய மாப்பிள்ளை பிழைத்துக்கொள்கிறான். ஓபராவில் ஆர்துரோ செத்துப்போகிறான். நாவலின் காதலன் குதிரையோடு புதைமணலில் மறைகிறான்; ஓபராவில் மூதாதையர் கல்லறைகளுக்கு நடுவே தன்னைத்தானே குத்திக்கொள்கிறான்.

காலமும் வேறு. லிப்ரெட்டோ கதையை 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் வைக்கிறது. ஸ்காட்டின் கதை அதற்கு நூறு ஆண்டுக்கு மேல் பிந்தியது. என்ரிகோ வேறு, “வில்லியம் இறந்துவிட்டார், மேரி அரியணை ஏறப்போகிறாள்” என்று தங்கையை மிரட்டுகிறான். எந்த வில்லியம், எந்த மேரி என்று வரலாற்றைப் புரட்டி விளக்கம் எழுதிவிடாதீர்கள். 16ஆம் நூற்றாண்டு முடிவில் ஸ்காட்லாந்தில் அப்படியொரு மாற்றமே நடக்கவில்லை. என்ரிகோவின் கட்சி தோற்றது, ஆர்துரோவின் செல்வாக்கு இல்லாமல் அவன் தலை தப்பாது. கம்மரானோவுக்கு வேண்டியது அவ்வளவே.

மூன்று அங்கம் என்று எழுதுவது

இரண்டு பாகம். முதல் பாகம் ‘புறப்பாடு’, இரண்டாவது ‘திருமண ஒப்பந்தம்’; இரண்டாவதற்குள் இரண்டு அங்கம். ஒத்திகை அட்டவணையில் ‘அங்கம் 2’ என்று மட்டும் போட்டால் மூன்று அங்கக் கணக்கில் பாதிப் பேர் கல்யாணக் காட்சிக்கும், இரண்டு பாகக் கணக்கில் பாதிப் பேர் பைத்தியக் காட்சிக்கும் தயாராகி வருவார்கள்.

‘ஆறே வாரத்தில் எழுதித் தள்ளினார்’

கணக்கு ஏறக்குறைய சரி. 1835 மே மாதக் கடைசியில்கூட லிப்ரெட்டோ விவகாரம் இழுத்தடிப்பதாக டோனிசெட்டி அரங்க நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். கையெழுத்துப் பிரதியின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் தேதி ஜூலை 6. தப்பு இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது: ஒரு கூட்டம் இதை அருள்வாக்கு என்கிறது, இன்னொரு கூட்டம் அவசர சமையல் என்கிறது.

அன்றைய இத்தாலியில் வேலை நடந்த விதம் தெரிந்தால் இரண்டுமே எழாது. ஒரு பெரிய பாட்டுக்கு வார்ப்பு ஏற்கெனவே உண்டு. முதலில் உரையாடல் போன்ற பகுதி, பிறகு மெதுவான பாட்டு, நடுவில் யாரோ வந்து செய்தி சொல்லும் இடைப்பகுதி, கடைசியில் வேகமான கபலெட்டா. எந்த அடிக்கு எந்தப் பகுதி என்பதைப் பாடலாசிரியரின் யாப்பே காட்டிக்கொடுக்கும். கபலெட்டா இரண்டு முறை பாடப்படும், ஆனால் அதை முழுக்க எழுதவேண்டியது ஒரு முறைதான். இசையமைப்பாளர் குரல் வரியையும் அடிநாதத்தையும் முதலில் போட்டு, எலும்புக்கூட்டைப் பாடகர்களிடம் கொடுத்துவிடுவார். வாத்தியங்களின் வரிகளைப் பிறகு நிரப்புவார். டோனிசெட்டி கையில் அப்போதே ஐம்பதை நெருங்கும் ஓபராக்களின் பழக்கம் இருந்தது.

எழுதி முடித்த பிறகு இரண்டரை மாதம் ஏன் காத்திருந்தது என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. அரங்கை நடத்திய நிறுவனம் திவாலாகும் நிலையில் இருந்தது. சம்பளம் வராமல் ஒத்திகைக்கு வரமாட்டேன் என்று பெர்சியானி உட்கார்ந்துவிட்டார். அரங்கேற்றத்துக்கு மூன்று நாள் முன்பு, செப்டம்பர் 23 அன்று, பாரிஸ் அருகே இசையமைப்பாளர் பெல்லினி இறந்தார். அந்தத் துக்கத்தின் நிழலில் நேப்பிள்ஸ் ரசிகர்கள் லூச்சியாவைக் கேட்டார்கள் என்று எழுதவேண்டாம். தந்தியும் ரயிலும் இல்லாத காலத்தில் பாரிஸ் செய்தி மூன்று நாளில் நேப்பிள்ஸ் வந்து சேராது.

‘பெல் கான்டோ ஓபரா’ என்று முத்திரை குத்துவது

பெல் கான்டோ என்பது குரலின் அழகை முன்னிறுத்தும் இத்தாலியப் பாடுமுறை. லிப்ரெட்டோவின் முகப்பில் இருப்பது ‘துன்பியல் நாடகம்’. அதையே எழுதுங்கள்.

‘இல் டோல்சே சுவோனோ’வைப் பாட்டு என்று நினைப்பது

இசைத்தட்டு உறைகள் செய்த வேலை இது. பைத்தியக் காட்சி தொடங்கும் முதல் சொற்கள் அவை. அங்கே இன்னும் பாட்டு வரவில்லை. வாத்தியங்கள் துண்டு துண்டாக ராகம் வாசிக்க, லூச்சியா அதன் மேல் பேசுவதுபோல் பாடுகிறாள். முதல் பாகத்தின் பிரிவுக் காட்சியில் இருவரும் பாடிய ‘வெரான்னோ ஆ தே’ மெட்டு வாத்தியத்தில் தலைகாட்டிவிட்டு, பேய் உருவம் தெரிந்ததாக அவள் அலறியதும் அறுந்துபோகிறது. ‘ஆர்தோன் லின்சென்சி’ என்ற இடத்தில்தான் மெதுவான பாட்டின் மெட்டு தொடங்குகிறது, அதுவும் வாத்தியத்தில். அவள் அதே மெட்டைத் தன் வாயில் எடுப்பது ‘அல்ஃபின் சோன் துவா’வில். பிறகு கேடன்ஸா (பாட்டின் முடிவில் இசைக்குழு நிற்க, குரல் அலங்காரம் செய்யும் இடம்), அண்ணன் வரும் இடைப்பகுதி, கடைசியாக ‘ஸ்பார்ஜி தமாரோ பியாந்தோ’ என்ற கபலெட்டா.

குரல் தேர்வில் பியானோக்காரரிடம் “இல் டோல்சே சுவோனோ வாசியுங்கள்” என்றால் அவர் கால் மணி நேரத்துக்குக் குறையாத ஒரு காட்சியின் முதல் பக்கத்தைத் திறப்பார். எந்தச் சொல்லில் தொடங்கி எங்கே நிறுத்துவது என்று தாளில் பென்சிலால் குறித்துக் கொடுங்கள்.

ஃப்ளூட்டும் குரலும் போட்டி போடும் இடத்தை டோனிசெட்டி எழுதினார் என்று நம்புவது

மற்ற எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம். இது மட்டும் எத்தனை முறை திருத்தினாலும் அடுத்த குறிப்பில் மறுபடி முளைக்கிறது. எழுதப்படும் விதமும் மாறுவதில்லை: மனம் பிறழ்ந்த லூச்சியா தன் குரலின் எதிரொலியை ஃப்ளூட்டில் கேட்கிறாள், இருவரும் ஒருவரையொருவர் துரத்துகிறார்கள், பைத்தியத்தை இப்படி இசையில் பிடித்ததுதான் டோனிசெட்டியின் மேதைமை. வாசிக்க நன்றாக இருக்கிறது. அந்த ஃப்ளூட் கேடன்ஸாவை அவர் எழுதவில்லை, கேட்கவும் இல்லை.

நடந்தது மூன்று அடுக்கு.

முதல் அடுக்கு, கையெழுத்துப் பிரதி. பைத்தியக் காட்சியில் லூச்சியாவுக்குத் துணையாக டோனிசெட்டி முதலில் எழுதியது கண்ணாடி ஆர்மோனிகாவுக்கு. 1761இல் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் வடிவமைத்த வாத்தியம் அது. அளவு வாரியாக ஒன்றுக்குள் ஒன்று செருகிய கண்ணாடிக் கிண்ணங்கள் ஒரே அச்சில் சுழலும். தையல் மெஷினைப் போலக் காலால் மிதித்துச் சுழற்றிக்கொண்டே, நனைந்த விரலால் விளிம்பைத் தொட்டு வாசிப்பார்கள். ஒலி எங்கே தொடங்கியது என்றே பிடிபடாது. டோனிசெட்டிக்கு இது புதிதும் இல்லை: கெனில்வொர்த் கோட்டையைக் களமாகக் கொண்ட 1829ஆம் ஆண்டு ஓபராவில் ஹார்ப்போடு சேர்த்து இதைப் பயன்படுத்தியிருந்தார்.

இரண்டாம் அடுக்கு, 1835 கோடை. ஆர்மோனிகாக் கலைஞர் டொமெனிகோ பெட்சிக்கும் அரங்க நிர்வாகத்துக்கும் தகராறு மூண்டு அவர் விலகினார். டோனிசெட்டி அந்த வரியை அடித்துவிட்டு ஃப்ளூட்டுக்கு மாற்றி எழுதினார். ஃப்ளூட் உள்ளே வந்த கதை இதுதான். பணமும் வாக்குவாதமும் கொண்டுவந்தது. மாற்றி எழுதிய ஃப்ளூட் வரி டோனிசெட்டியுடையதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் மெதுவான பாட்டின் முடிவில், குரல் தனியாக நின்று அலங்காரம் செய்யவேண்டிய இடத்தில், அவர் பக்கம் பக்கமாக எதையும் எழுதவில்லை. குரலுக்கு மட்டும் சின்னதாக ஒரு ஸ்வரக் கோவை போட்டுவிட்டு, மிச்சத்தைப் பாடகியிடம் விட்டுவிட்டார். அன்றைய வழக்கமே அதுதான்: அந்த இடம் பாடுகிறவரின் சொத்து, ஆளுக்கு ஆள் மாறும்.

மூன்றாம் அடுக்கு, 1889, பாரிஸ் ஓபரா. லூச்சியாவாக நெல்லி மெல்பா. இன்று எல்லோர் காதிலும் இருக்கும் நீண்ட ஃப்ளூட் கேடன்ஸா அங்கேதான் மேடை ஏறியது. அதை அமைத்தவர் மெல்பாவின் ஆசிரியை மத்தில்டே மார்க்கேசி என்பதே பொருத்தமான முடிவு. டோனிசெட்டி 1848இல் இறந்தார். நடுவே நாற்பத்தொரு ஆண்டு. கச்சேரியில் ஒரு வித்வான் பாடிய கல்பனாஸ்வரத்தை அச்சில் போட்டு, கீழே தியாகராஜர் பெயரை எழுதுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இது புத்தகச் சண்டைதானே என்று தோன்றினால், செலவைப் பாருங்கள். இயக்குநர் அந்த ஃப்ளூட்டை நம்பி மொத்தக் காட்சியையும் கட்டுகிறார், விளக்கு மாறுவதிலிருந்து அவள் திரும்பிப் பார்ப்பது வரை. பாடகி மாதக்கணக்கில் அந்தக் கோவையை உருப்போடுகிறார், ஏனென்றால் ‘மூலத்தில் இருக்கிறது’. குரலுக்குப் பொருந்தாத ஒரு திருப்பத்தை மாற்றக்கூடப் பயப்படுகிறார். அது மாற்றுவதற்கென்றே விட்ட இடம்.

ஒத்திகையில் வரும் தொல்லை தனி. அந்த ஓரிரு நிமிடத்துக்கு இசைக்குழு வாய் திறக்காது. குரலும் ஃப்ளூட்டும் மட்டும். ஃப்ளூட் சூடேற ஏற அதன் சுருதி மேலே போகும். அதற்கு முன்பே பத்து நிமிடம் பாடிக் களைத்த குரல் கீழே சரியப் பார்க்கும், அல்லது ஃப்ளூட்டோடு சேர்ந்து மேலே ஏறும். இருவரும் ஒருவரையொருவர் கேட்டுச் சரிசெய்துகொள்வதால் யாருக்கும் எதுவும் தெரியாது. கடைசி ட்ரில் (இரு ஸ்வரங்களுக்கிடையே வேகமான நடுக்கம்) முடிந்து இசைக்குழு கார்டை (ஒருசேர ஒலிக்கும் ஸ்வரக் கொத்தை) வாசிக்கும் கணத்தில்தான் அரங்கம் முழுக்கத் தெரியும். வழி ஒன்றுதான்: முதல் வாரத்திலிருந்தே கேடன்ஸாவைத் தனியாகப் பாடி, முடிவில் பியானோவில் அந்தக் கார்டைத் தட்டிப் பார்ப்பது. நாலு முறையில் மூன்று முறை ஒட்டவில்லையென்றால் கேடன்ஸாவைச் சுருக்குங்கள். சுருக்கினால் டோனிசெட்டி எழுதியதற்கு இன்னும் பக்கத்தில்தான் வருவீர்கள். இன்னொன்று: மேடைக்கு முன்னால் இசைக்குழுப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் ஃப்ளூட் கலைஞருக்குப் பாடகியின் முகம் தெரியாது. மூச்சு எடுக்கும் இடங்களை இருவர் தாளிலும் ஒரே மாதிரி குறிக்காமல் மேடை ஒத்திகைக்குப் போகவேண்டாம்.

‘அப்படியானால் ஆர்மோனிகாவையே வைத்துவிடுவோம்’ என்று உடனே கிளம்புகிறவர்களுக்கும் ஒரு சொல். 1970இல் தாமஸ் ஷிப்பர்ஸ் நடத்தி பெவர்லி சில்ஸ் பாடிய ஒலிப்பதிவில் அது இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். ஒலிப்பதிவில் மைக் இருக்கும். பெரிய அரங்கில் ஆர்மோனிகாவின் ஒலி சன்னம். மற்ற வாத்தியங்களை அடக்கி வாசிக்கவைக்கவேண்டும், இல்லையென்றால் ஒலிபெருக்கி வேண்டும். விரலில் துளி எண்ணெய்ப்பசை இருந்தாலும் கண்ணாடி பேசாது.

குறிப்பில் எப்படி எழுதுவது? “கண்ணாடி ஆர்மோனிகாவுக்கு எழுதி, பிறகு டோனிசெட்டியே ஃப்ளூட்டுக்கு மாற்றினார், நீண்ட கேடன்ஸா 1889இல் பாரிஸில் சேர்ந்தது.” ஒரே வாக்கியம்தான்.

ஸ்கேல் பார்க்காமல் நோட்ஸ் வாங்குவது

பழைய பதிப்புகளில் லூச்சியா பாடும் பகுதிகள் இறக்கப்பட்டிருக்கின்றன. நம் ஊர்க் கட்டைக் கணக்கில் சொன்னால் சட்டென்று பிடிபடும். பைத்தியக் காட்சியை டோனிசெட்டி எழுதியது எஃப் மேஜர், அதாவது 4 கட்டை. பழக்கத்தில் பாடுவது ஈ ஃபிளாட், 2½ கட்டை. முதல் பாட்டு ‘ரெஞ்ஞாவா நெல் சிலென்ட்ஸியோ’ ஈ ஃபிளாட் மைனரிலிருந்து டி மைனருக்கு, அரைக் கட்டை இறக்கம். அதன் கபலெட்டா 5½ கட்டையிலிருந்து 5. அண்ணன் தங்கை டூயட் 6 கட்டையிலிருந்து 5.

இறக்கியதற்கும் இன்று எல்லோரும் எதிர்பார்க்கும் அந்த உச்ச ஸ்தாயி ஈ ஃபிளாட்டுக்கும் தொடர்பு உண்டு. ஈ ஃபிளாட்டில் பாடினால் கடைசியில் ஆதார ஸ்வரத்தின் உச்சத்துக்குப் பாய்ந்து முடிக்கலாம். மூல ஸ்கேலில் அதே பாய்ச்சல் எஃப்பில் போய் நிற்கும், அது வெகு சிலருக்கே சாத்தியம். அந்தப் பாய்ச்சல் டோனிசெட்டியின் தாளில் இல்லவே இல்லை. அது இல்லாமல் பாடினால் பாடகிக்குக் குரல் போய்விட்டது என்று விமர்சனம் எழுதுவது அநியாயம்.

நடைமுறையில் தொகை கட்டி வாடகைக்கு எடுத்த வாத்தியத் தாள்கள் ஒரு ஸ்கேலிலும் பாடகி படித்த புத்தகம் இன்னொரு ஸ்கேலிலும் இருப்பதுதான் பெரிய விபத்து. தாள் வந்த அன்றே நாலு இடத்தின் முதல் கார்டை ஒப்பிடுங்கள்: இரண்டு பாட்டு, அந்த டூயட், பைத்தியக் காட்சி. மூல ஸ்கேல் வேண்டுமென்றால் கப்ரியேலே டோட்டோவும் ரோஜர் பார்க்கரும் தொகுத்த ரிக்கோர்டி பதிப்பகத்தின் ஆய்வுப் பதிப்பைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். வெறுமனே ‘ரிக்கோர்டி’ என்றால் பழையதுதான் வரும்.

பிரெஞ்சுப் பதிப்பை மொழிபெயர்ப்பு என்று நினைப்பது

1839இல் பாரிஸுக்காக டோனிசெட்டியே மாற்றியமைத்த வேறு வடிவம் அது. தோழி அலீசா அதில் கிடையாது. ‘ரெஞ்ஞாவா’வும் கிடையாது, அந்த இடத்தில் 1834இல் வந்த ‘ரோஸ்மொண்டா டிங்கில்டெர்ரா’விலிருந்து ஒரு பாட்டு. ரோஸ்மொண்டாவை முதலில் பாடியவரும் பெர்சியானிதான்.

கத்தரிக்கோலைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவது

நேரம் போதவில்லை என்றதும் மூன்று இடங்களை வெட்டுவது வழக்கம். வெட்டலாம், ஆனால் என்ன போகிறது என்று தெரிந்து வெட்டுங்கள்.

வுல்ஃப்ஸ் கிராக் கோபுரக் காட்சி: புயல் இரவில் என்ரிகோ எட்கார்டோவைத் தேடி வந்து, விடியற்காலை ரேவன்ஸ்வுட் (எட்கார்டோவின் குலம்) கல்லறையில் வாள்சண்டைக்கு நாள் குறிக்கிறான். இதை எடுத்துவிட்டால் கடைசிக் காட்சியில் எட்கார்டோ ஏன் கல்லறையில் நிற்கிறான் என்பதற்குப் பதில் இல்லை.

பாதிரியார் ரைமொண்டோ லூச்சியாவிடம் பேசும் காட்சி: நம்பிக்கையான ஆள் வழியாகக் கடிதம் அனுப்பியும் பதில் வரவில்லை என்று அவர் சொல்வதால்தான் அவள் உடைகிறாள். வெட்டினால், போலிக் கடிதம் ஒன்றைப் பார்த்த மாத்திரத்தில் கல்யாணத்துக்குச் சம்மதித்த பெண்ணாகிவிடுவாள். பைத்தியக் காட்சியை அடுத்து ரைமொண்டோ, என்ரிகோவின் ஆள் நார்மன்னோவைப் பார்த்து “காட்டிக்கொடுத்தவனே” என்று சாடும் சில வரிகள்தான் மூன்றாவது. இதில் மிச்சமாகும் நேரம் சொற்பம், வெட்டாமல் விட்டுவிடுங்கள்.

டோனிசெட்டியின் நோயையும் லூச்சியாவின் பைத்தியத்தையும் முடிச்சுப் போடுவது

அவர் மனநோய் விடுதியில் சேர்க்கப்பட்டது 1846. கணக்கு இடிக்கிறது.

பைத்தியக் காட்சியோடு ஓபரா முடிந்தது என்று பையை எடுப்பது

சோப்ரானோவின் பாட்டுக்குப் பிறகு டெனருக்கு முழுக்காட்சி இருக்கிறது, அந்தக் காலத்தில் இது அபூர்வம். எட்கார்டோ லூச்சியாவை நினைத்து ‘து கே ஆ தியோ’வை ஒரு முறை முழுதாகப் பாடுகிறான். பிறகு குத்திக்கொள்கிறான். இரண்டாம் முறை மெட்டைச் செல்லோ எடுத்துக்கொள்கிறது. அவன் பங்கில் மிஞ்சுவது அறுந்த சொற்கள் மட்டும். ஒத்திகையில் பல டெனர்கள் இந்த இடத்தில் செல்லோவோடு சேர்ந்து முழு மெட்டையும் பாடிவிடப் பார்ப்பார்கள். பாடவிடாதீர்கள். அவன் தாளில் டோனிசெட்டி போட்டிருக்கும் ஓய்வுக் குறிகளை எண்ணச் சொல்லுங்கள்.